கூச்சம்

"நாம இருட்டுல பாக்கறோம் கண்ணு…"

டாக்டர் பாவாயி சொன்னதில் சிவநேசனுக்கு நினைவிருந்தது இவ்வளவுதான். இதற்குப் பிறகு ஏதோ ஒன்று இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அது பிடிபடவில்லை. இங்கிலாந்தில் கண் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது முதல் பாதியை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, மறுபாதியைத் தானே இட்டு நிரப்புவான். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி. எதுவும் ஒட்டியதில்லை.

பாவாயி அம்மா குழந்தைகளுக்கான கண் மருத்துவர். பவானி ரோட்டில் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரி. எல்லோரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். கொங்குப் பக்கம் அது சகஜம். ஆனால் கண் ஆஸ்பத்திரியில் அதனால் குழப்பம் வரும்.

"மேடம், மருந்து எந்தக் கண்ணுக்கு?" என்று நர்ஸ் கேட்பார்.

"வலது கண்ணு, கண்ணு" என்பார்.

சிவநேசன் அவரிடம் மூன்று வருஷம் படித்தான். அன்றைக்கு, கண்ணைப் பரிசோதிக்கும் இருட்டறைக்குக் கதவு கிடையாது. கறுப்புத் துணித் திரைதான். மழைக்காலத்தில் அது நனைந்த சாக்கு மாதிரி நாறும். பகல் முழுக்க அந்தத் திரைக்கு உள்ளேதான் அவர்கள் இருந்தார்கள். நடுநடுவே அம்மா ஒரு குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மறு கையில் கறுப்புக் குடையோடு வெளியே போவார். அழுகிற குழந்தைக்கு வேடிக்கை காட்டப் போகிறார் என்று நினைத்துக்கொள்வான். திரையை விலக்கி ஒருநாளும் பார்த்ததில்லை.

இப்போது அவனுக்கு நாற்பத்தெட்டு. மூன்று வார விடுப்பில் வந்திருந்தான். ஊரோடு வந்துவிடலாமா என்று ஒரு யோசனை. இருபத்தொன்பதாம் தேதிக்குத் திரும்பும் டிக்கெட்டும் இருந்தது.

"சும்மா இருக்கற நேரத்துக்கு வந்து கை குடு கண்ணு" என்றார் அம்மா. வந்தான்.

இரண்டாவது வாரத்தில் விசாலாட்சி வந்தாள். ஏழு மாதக் குழந்தை. தறி ஓட்டும் சின்னராசுவும் அவர் மனைவி பூங்கொடியும் சின்னராசுவின் அக்காவும் தூக்கி வந்திருந்தார்கள். கண்ணில் ஓயாமல் நீர். டவுனில் ஒருவர், கண்ணீர் போகும் குழாயில் அடைப்பு என்று சொல்லி மூக்கோரம் நீவிவிடச் சொல்லியிருந்தார். நாலு மாதமாக நீவிக்கொண்டிருந்தார்கள்.

இருட்டறையில் குழந்தை அழவில்லை. கண்ணை அகல விரித்துச் சிவநேசனையே பார்த்தது. அழகான குழந்தை என்றுதான் அவனுக்கும் முதலில் தோன்றியது.

மறுநாள் மயக்கம் கொடுத்து அளந்தான். இந்த வயதுக்குக் கருவிழியின் அகலம் பதினொன்றரை மில்லிமீட்டர் இருக்கலாம். இவளுக்குப் பதிமூன்றரை. கண்ணுக்குள் இருந்த அழுத்தம் இரு மடங்கு. கருவிழியில் மூச்சு பட்ட கண்ணாடி மாதிரி லேசான மங்கல். சந்தேகத்துக்கு இடமில்லை. இரண்டு கண்ணிலும் அறுவை செய்ய வேண்டும். தாமதித்தால் பார்வை போய்விடும்.

அதற்கு மறுநாள் காலை அவர்களை உட்காரவைத்துச் சொன்னான்.

"இது குளூக்கோமா. கண் அழுத்த நோய்."

"அழுத்தம்னா பிரஷருங்களா?" என்றார் அக்கா. "பால்குடிக்கு ஏதுங்க பிரஷரு? அது எங்க மாமனாருக்கல்ல இருக்குது."

"அது வேறங்க. கண்ணுக்குள்ள ஊறுற தண்ணி வடியணும். இவளுக்கு வடியல."

"தண்ணிதான் நிக்காம வடியுதுங்களே!"

"அது வெளிய வர்ற கண்ணீர். உள்ள இருக்கிறது வேற."

படம் வரைந்து காட்டினான். நூற்றுக்கு எத்தனை பேருக்கு எப்படி ஆகும் என்று சொன்னான். கடைசியாக, "கண்ணு இவ்வளவு பெருசா இருக்கிறதே நோயாலதான்" என்றான்.

அக்காவின் முகம் சுருங்கியது.

"விசாலாட்சின்னு பேரு வெச்சதே நாந்தானுங்க. கண்ணப் பாத்துத்தான் வெச்சேன். ஊரே கண்ணு போடுதுன்னு தெனமும் சுத்திப் போடறேன். இதைப் போயி நோவுங்கறீங்களே."

சின்னராசு எழுந்துகொண்டார். "யோசிச்சுச் சொல்றோமுங்க. ஆடி முடியட்டும்."

ஆடி பிறந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

சிவநேசன் பாவாயி அம்மாவின் அறைக்குப் போனான்.

"போறாங்கம்மா. நான் எல்லாத்தையும் சொன்னேன். என்ன தப்பாச் சொன்னேன்னு தெரியல."

அம்மா கேஸ் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"வெளிச்சம் ஆவுதான்னு கேட்டியா?"

"கேட்டேன். 'வெளிச்சம் ஒத்துக்குதா'ன்னு. ஒண்ணும் தொந்தரவு இல்லைன்னாங்க."

"வேற என்ன சொன்னாங்க?"

"வேற ஒண்ணும் இல்ல. குழந்தை கூச்ச சுபாவமாம். வெளிய தூக்கிட்டுப் போனா முகத்தைப் பொதச்சுக்குமாம். அதெல்லாம் அந்த அக்கா பேசிக்கிட்டிருந்தாங்க."

"எழுதலையே?"

"அது நோய் இல்லையேம்மா."

அம்மா பேனாவை மூடி வைத்தார். எழுந்து, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த குடையை எடுத்தார். துணி புதிது. வளைந்த மரக் கைப்பிடி அதே பழையது.

அதைப் பார்த்ததும் சிவநேசனுக்குக் கேட்கத் தோன்றியது.

"அம்மா, 'நாம இருட்டுல பாக்கறோம் கண்ணு'ன்னு ஒருக்கா சொன்னீங்க. மீதி எனக்கு மறந்துபோச்சு."

"எப்பச் சொன்னேன்?"

"இருட்டறை வாசல்ல. நான் வந்த முதல் வருஷம்."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சிரித்தார்.

"உள்ள ஒரு குழந்தை வீல்னு கத்துச்சு. அப்பிடியே ஓடிட்டேன். நான் முடிக்கவே இல்ல கண்ணு."

"முடிக்கவே இல்லையா?"

"நீயும் கேக்கல. வா."

சின்னராசுவின் குடும்பம் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தது. வெளியே பதினோரு மணி வெயில். முன்பு அங்கே இரண்டு புங்க மரங்கள் இருந்தன. இப்போது வண்டி நிறுத்தும் இடம்.

"அம்மிணி, கொஞ்சம் நில்லு" என்று அக்காவைக் கூப்பிட்டார் அம்மா. "பேரு நீ வெச்சதாம்ல. நல்ல பேரு."

அக்காவுக்கு முறைப்பு பாதி இறங்கியது. "ஆமாங்க."

"புள்ளைக்கு ரொம்பக் கூச்சமோ?"

"அதையேங்க கேக்கறீங்க. இப்பப் பாருங்க." அக்கா, பூங்கொடியை வெயிலுக்குள் நகர்த்தினார். குழந்தை சட்டென்று தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. "பாத்தீங்களா? பொட்டப் புள்ளன்னா இப்பிடியல்ல இருக்கோணும்!"

"யாரைப் பாத்து இந்தக் கூச்சம்?"

"எல்லாத்தையுந்தானுங்க. பெத்தவளையே நிமுந்து பாக்காது."

"என்னையும் பாக்காதா?"

"பாக்காதுங்க."

"என்ற மூஞ்சி அப்பிடி" என்றார் அம்மா. குடையைச் சிவநேசனிடம் நீட்டினார். "விரிச்சுப் புடி கண்ணு. எனக்கில்ல. அதுக்கு."

சிவநேசன் குழந்தையின் தலைக்கு மேல் குடையைப் பிடித்தான். ஆடிக் காற்று குடையை இழுத்தது. இரண்டு கையாலும் பிடித்தான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தோளிலிருந்து ஒரு கண் வந்தது. பிறகு முகம். குழந்தை பாவாயி அம்மாவை நிமிர்ந்து பார்த்தது. அவருடைய மூக்குக் கண்ணாடியை எட்டிப் பிடித்து இழுத்தது. அக்காவைப் பார்த்துச் சிரித்தது.

"எடு" என்றார் அம்மா.

குடை விலகியது. முகம் புதைந்தது.

"புடி."

முகம் வந்தது.

"எடு."

புதைந்தது.

"புடி."

அதற்குப் பிறகு அம்மா 'எடு' என்று சொல்லவில்லை. சிவநேசன் குடையைப் பிடித்தபடியே நின்றான். அந்த நாளில் அம்மா குழந்தையோடும் குடையோடும் வெளியே போனது எதற்கென்று இப்போது தெரிந்தது.

பூங்கொடிதான் வாயைத் திறந்தாள். வந்ததிலிருந்து அவள் பேசி அவன் கேட்கவில்லை.

"அண்ணி… இவளுக்குக் கூச்சமில்லீங்க. கண்ணு கூசுதுங்க."

அக்கா குடையை அண்ணாந்து பார்த்தார்.

"தண்ணி எடுக்கப் போறப்ப, பஸ்ஸுக்கு நிக்கறப்ப, எல்லாம் வெயில்லயே வெச்சிருந்தேனுங்க" என்றாள் பூங்கொடி. "எறும்பு கடிச்சாப்பல நெளியும். நானும் கூச்சம்னே நெனச்சுட்டேன்."

அக்கா நடந்து வந்து சிவநேசன் கையிலிருந்த குடையை வாங்கினார். தானே பிடித்துக்கொண்டார்.

சின்னராசு செருப்பைக் கழற்றினார்.

"எப்பங்க ஆப்ரேசன்?"

"நாளைக்கு" என்றார் அம்மா.

"மொதல்ல எந்தக் கண்ணுங்க?"

"வலது கண்ணு, கண்ணு."

சிவநேசன் சிரிப்பை மறைக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"செஞ்சா சரியாயிருமுங்களா?"

சிவநேசனிடம் அதற்கு எண்கள் இருந்தன. அவன் வாயெடுப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டார்.

"போனது வராது. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். அதுவும் ஒருக்கா செஞ்சாத் தீராது. அழுத்தம் எப்ப வேணும்னாலும் மறுபடி ஏறும். பல்லு மொளைக்கறப்பப் பாக்கோணும், பள்ளிக்கூடம் போறப்பப் பாக்கோணும். பெரிய மனுசி ஆனாலும் பாக்கோணும், கண்ணாலம் ஆனாலும் பாக்கோணும்."

"கொண்டாந்தர்றோமுங்க. நீங்கதானுங்களே பாப்பீங்க?"

"எனக்கு அறுவத்தொம்பது நடக்குது. இவ கண்ணாலத்துக்கு நான் இருக்க மாட்டேன்."

சின்னராசு அவரையே பார்த்தார். "அப்ப யாருங்க பாப்பாங்க?"

காற்று மறுபடி குடையை இழுத்தது. அக்கா விடவில்லை.

"அதான் தெரியல கண்ணு" என்றார் அம்மா. சின்னராசுவைத்தான் பார்த்துச் சொன்னார்.

உள்ளே வந்ததும் குழந்தைக்கு ஒரு நீல அட்டை போட்டார்கள். ஆயுள் முழுக்க வைத்திருக்க வேண்டிய அட்டை. பெயர், வயது, இரண்டு கண்ணின் அளவு எல்லாவற்றையும் அம்மாவே எழுதினார். தொந்தரவு என்ற இடத்தில் 'கூச்சம்' என்று எழுதினார். 'தொடர்ந்து பார்க்கும் மருத்துவர்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு, கை கழுவ எழுந்து போனார்.

ஜன்னலுக்கு வெளியே அக்கா குடையோடு நின்றிருந்தார். குடைக்குள் குழந்தை நிமிர்ந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

சிவநேசன் பேனாவை எடுத்து அந்த இடத்தில் தன் பெயரை எழுதினான்.