உலக்கைக்கு ஊர் எழுதிய ஒப்பந்தம்

இரண்டு தெரு முட்டிக்கொண்டால் அடிதடி. இரண்டு நாடு முட்டிக்கொண்டால் போர். இரண்டு நாட்டைச் சேர்ந்த புருஷனும் பெண்டாட்டியும் முட்டிக்கொண்டால்? அதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் அலைவாய்ப்பட்டினமே திண்டாடிப்போனது.

புருஷன் செவ்வந்தியப்பன் பட்டினத்து மிளகு வியாபாரி. பெண்டாட்டி மணிப்பவளம், ஒன்பது நாள் கப்பல் பயணத் தூரத்தில் இருக்கிற சங்குத்தீவுக்காரி. எட்டு வருஷம் நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். பிறகு ஒத்துப்போகவில்லை. சரி, பிரியலாம் என்றால் நடுவில் ஏழு வயசுப் பெண் தத்தை. பட்டினத்துச் சட்டப்படி பிள்ளை அப்பனுக்கு, தீவுச் சட்டப்படி அம்மாவுக்கு. அந்த ராஜா கோபித்தால் முத்துக் கப்பல் வராது, இந்த ராஜா கோபித்தால் அரிசிக் கப்பல் போகாது. ஆகவே இரண்டு தரப்பு வழக்குரைஞர்களும் அரண்மனையில் வந்து உட்கார்ந்தார்கள்.

உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கிற வழியாக இல்லை. அரண்மனைச் சமையல் அப்படி. பதினோரு நாள் சொத்து பிரித்தார்கள். உரல் தீவுக்கு, உலக்கை பட்டினத்துக்கு. பானை அவளுக்கு, மூடி அவனுக்கு. வீம்புக்கென்றே அவன் தீவிலிருக்கும் அவள் தென்னந்தோப்பைக் கேட்டு வாங்கினான். அவள் பட்டினத்திலிருக்கும் அவன் மிளகுக் கிடங்கைக் கேட்டு வாங்கினாள். பட்டினத்து வீட்டை மட்டும் இருவரும் விட்டுக்கொடுக்காததால் தத்தை பேரில் எழுதினார்கள். எது எந்த ஊரில் இருக்கவேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறித்தார்கள். பன்னிரண்டாம் நாள், சாப்பாட்டுக்கு இலை போட்ட பிறகு, பிள்ளை விஷயத்துக்கு வந்தார்கள். தை முதல் ஆனி வரை தாயோடு, ஆடி முதல் மார்கழி வரை தகப்பனோடு. ஒரே வரி. இரண்டு ராஜ முத்திரையும் விழுந்தன; தீவு ராஜாவின் முத்திரையை அவர் தூதர் கொண்டுவந்திருந்தார்.

அரசவை மதியூகி வயிரவன் அன்று சாயங்காலம் அந்தப்புரத்துப் பக்கம் போனபோது, வழக்கு முடியும்வரை அங்கே தங்கவைத்திருந்த தத்தை தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்றான்.

"மாமா, கப்பல்ல போனா எனக்கு வாந்தி வருது. போன தடவை ஒன்பது நாளும் எடுத்தேன். செத்துப்போயிருவேன்னு நெனச்சேன். இனிமே வருஷத்துக்கு ரெண்டு தடவையாமே?"

வயிரவன் போய் வைத்தியரைக் கேட்டான். இன்னொரு பயணத்தைப் பிள்ளை தாங்குவது கஷ்டம் என்றார் அவர். நேரே ராஜாவிடம் போனான். ராஜாவுக்கும் சங்கடம்தான், ஆனால் என்ன செய்வார்?

"முத்திரை விழுந்த ஓலை, வயிரவா. ஒரு எழுத்து மாறினாலும் தீவுக்காரன் சண்டைக்கு வருவான். எழுத்தும் மாறக் கூடாது, பிள்ளையும் கப்பல் ஏறக் கூடாது. முடியுமா?"

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

மறுநாள் சபை கூடியது. தீவுத் தூதரும் இருந்தார். வயிரவன் ஒன்றும் தெரியாதவன் போல, கடல் பயணம் ரொம்பக் கஷ்டமோ என்று விசாரித்தான். எங்கே ஒப்பந்தத்தைக் கலைத்துவிடப் போகிறானோ என்று எல்லோருக்கும் பயம். கடல் தொட்டில் மாதிரி தாலாட்டும் என்றார் ஒரு வழக்குரைஞர். உடம்புக்கே நல்லது என்றார் இன்னொருவர். அப்பனும் அம்மாவும் பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக ஒத்துப்போய், ஒரு கஷ்டமும் இல்லை என்று தலையாட்டினார்கள். எல்லோரிடமும் சத்தியம் வாங்கி, எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டான் வயிரவன். பிறகு ஒப்பந்த ஓலையைப் பிரித்தான்.

"உரல் எந்த ஊரில்? எழுதியிருக்கிறது. பானை மூடி எந்த ஊரில்? அதுவும் இருக்கிறது. பிள்ளை எந்த ஊரில் இருக்கும் என்று மட்டும் எங்கேயும் காணோமே?"

அது சொல்லாமலே விளங்குமே, பிள்ளைதான் போய்வரும் என்றார்கள் வழக்குரைஞர்கள்.

"சொல்லாமலே விளங்குகிற விஷயத்துக்கா பன்னிரண்டு நாள் சோறு போட்டோம்?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். வயிரவன் தீர்ப்பைச் சொன்னான். தத்தை தன் பேரில் இருக்கிற வீட்டிலேயே இருப்பாள். தை பிறந்தால் அம்மா வந்து கூட இருக்கட்டும், கிடங்கையும் பார்த்துக்கொள்ளலாம். அவள் இறங்குகிற கப்பலிலேயே அப்பா ஏறிப்போய்த் தீவுத் தோப்பைக் கவனிக்கட்டும். ஆடியில் மாறிக்கொள்ளட்டும். தீவுத் தூதர் ஓலையை இரண்டு தரம் படித்தார். ஒரு எழுத்தும் மாறவில்லை, எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

மணிப்பவளம் முன்னால் வந்தாள்.

"வருஷத்துக்கு ரெண்டு தடவை நான் கப்பல் ஏறுவதா? ஒன்பது நாளும் வாந்தி எடுத்தே செத்துப்போவேன் ஐயா."

"நேற்று உங்கள் பெண்ணும் இதையேதான் சொன்னாள், அம்மா. அவளிடம்தான் யாரும் சத்தியம் கேட்கவில்லை."