தளவாயின் புது பேரல்

“புது பேரல் மாட்டியும் குண்டு கீழதான் போவுது மேடம்.”

சப்-இன்ஸ்பெக்டர் தளவாய் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்ன வைத்தார், போட்டார்.

பயிற்சியாளர் ஹெப்சிபா வயதில் அவருக்குத் தங்கச்சி மாதிரி. ஆனால் சுடுதளத்துக்குள் அவள் சொல்தான் சொல்.

“பழசுலயும் கீழதான போச்சு, அண்ணாச்சி?”

“அதனாலதான மாத்துனேன். தேஞ்சுபோச்சுன்னு நெனச்சேன்.”

ஒரு காலத்தில் தளவாய் சுட்டால் அட்டையின் நடுவில் ஒரே ஓட்டைதான் இருக்கும். போன வருஷம் ஒரு ரவுடியைப் பிடிக்கப் போன இடத்தில் அவனைச் சுட்டார். ஆள் அங்கேயே முடிந்துபோனான். அரிவாளோடு பாய்ந்தான் என்று பேப்பரில் வந்தது. மேலதிகாரிகள் மாலை போட்டார்கள்.

அதற்கப்புறம் போட்டியில் ஒரு மெடல் கிடையாது. கண்ணாடியை மாற்றினார். கைப்பிடியை மாற்றினார். கடைசியில் குண்டு பாயும் குழலை, அந்தப் பேரலையும் மாற்றியாயிற்று. வரும் வாரம் தேர்வு. இதிலும் சொதப்பினால் போலீஸ் அணியிலிருந்து தூக்கிவிடுவார்கள். இதை விட்டால் அந்த மனுஷனுக்கு வேறு என்ன இருக்கிறது?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் ஆடத் தெரிந்தவர், பாவம். அவரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹெப்சிபா துப்பாக்கியை மேசையிலிருந்த இரும்புப் பிடியில் வைத்து முடுக்கினாள். கையில் பிடிக்காமல் விசையை மட்டும் திரும்பத் திரும்ப இழுத்தாள்.

அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். எல்லாக் குண்டும் நடுவில். ஒரு ரூபாய்க் காசு வைத்தால் மறைந்துவிடும்.

பழைய பேரலை மாட்டினாள். அதுவும் அப்படியே.

தளவாய் இரண்டு அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். ஐயோ, இரண்டில் ஒன்றாவது கெட்டுப்போயிருக்கக் கூடாதா!

“அப்ப எங் கையிதான் சரியில்ல. அதான சொல்ல வாரீங்க?”

“நான் எதுவும் சொல்லலயே. சுடுங்க, பாப்போம்.”

“என்னத்தச் சுட? எல்லாம் போச்சு மேடம்.”

“சுடுங்க அண்ணாச்சி.”

அவள் திரும்பி நின்று தோட்டாக்களைப் போட்டுக் கொடுத்தாள். அவர் கையை நீட்டினார். மூச்சைப் பிடித்தார்.

டமார். கீழே.

டமார். இன்னும் கீழே.

மறுபடி விசையை இழுத்தார். டக் என்றது. அவ்வளவுதான். வெடிக்கவில்லை.

வெடிக்காத துப்பாக்கியின் முனை வெடுக்கென்று கீழே போனது. யாரோ கையைப் பிடித்து அமுக்கியது மாதிரி. தளவாய் அதைத் தன் கண்ணாலேயே பார்த்தார்.

“டம்மி தோட்டா,” என்றாள் ஹெப்சிபா. “உள்ள மருந்தே கிடையாது. எதுக்குப் பதறுனீங்க?”

“ஒண்ணுமே இல்லயா?”

“ஒண்ணுமே இல்ல.”

தளவாய் துப்பாக்கியை மெதுவாக மேசைமேல் வைத்தார். வெறும் உள்ளங்கையை விரித்து வெகுநேரம் பார்த்தார்.

“அவன் கையிலயும் ஒண்ணுமே இல்ல மேடம்,” என்றார். “அரிவாளை நாங்கதான் கொண்டுபோய் வச்சோம்.”