மோந்து பார்த்த திராட்சைச் சாறு

குரு, சீடரைவிட வயதில் இளையவர். பெயர் ராக்கம்மாள். கம்பத்துக்குப் பக்கத்தில் ஓடைக்கரையில் ஒரு சின்ன மடம் வைத்திருந்தார். அங்கே பிரசங்கம் கிடையாது. வருகிறவர்களுக்குக் கஞ்சி உண்டு. கேட்டால் பேச்சு உண்டு.

சீடர் ஒச்சப்பன், திராட்சைத் தோட்டங்களில் பந்தல் கட்டுகிறவர். வாலிபம் முழுக்கக் குடித்தவர். போன ஆடியில் போதையில் ஓடைக்குள் விழுந்து கிடந்தவரை, குரு இழுத்துக் கரையில் போட்டார். அன்றைக்குக் குடியை விட்டதுதான். அதற்குப் பிறகு வேலை முடிந்ததும் மடத்துக்கு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். குருவைத் தாயி என்பார். குரு அவரை அண்ணே என்பார்.

சித்திரை மாதம், நல்ல வெயில். ஒச்சப்பன் ஒரு தூக்குவாளியோடு மடத்துக்குள் வந்தார். அவர் வாளியை வைத்த வேகத்தில் மூடி எகிறி விழுந்தது. உள்ளே கருஞ்சிவப்பாகத் திராட்சைச் சாறு.

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இன்னைக்கு மகளுக்கு வளைகாப்பு இல்லையாண்ணே?"

"நடக்குது. நான் இல்லாட்டி இன்னும் நல்லா நடக்கும்."

"உட்காருங்க."

"உட்கார வரல தாயி. நியாயம் கேக்க வந்தேன்."

குரு கீரையை ஒதுக்கி வைத்தார்.

"என் மக கல்யாணத்தன்னைக்கு நான் பந்தலுக்குப் பின்னால விழுந்து கிடந்தேன். மாப்பிள்ளை வீட்டாளுக என்னைத் தாண்டித்தான் கை கழுவப் போனாங்க. அந்த அசிங்கத்தை நான் மறக்கல. அதனாலதான் இன்னைக்கு வர்றவங்களுக்கு என் கையால ஏதாவது குடுக்கணும்னு நினைச்சேன். கடையில கலர் சோடா வாங்கிக்கலாம்பான்னு மக சொல்லுச்சு. நான் கேக்கல."

"எப்படிச் செஞ்சீங்க?"

"எப்படிச் செஞ்சா என்ன தாயி? குடிக்க நாதியில்ல."

"சொல்லுங்க."

ஒச்சப்பன் நின்றபடியே சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம் ஏறியது.

"நேத்து நானே போய்ப் பன்னீர் திராட்சை பறிச்சேன். உப்புத் தண்ணியில அலசினேன். காம்பைக் கிள்ளிட்டு, சட்டியில போட்டு, தோல் வெடிக்கிற வரைக்கும் காய்ச்சினேன். ஏன் காய்ச்சினேன்? பச்சையாப் பிழிஞ்சு வச்சா இந்த வெயிலுக்குப் பொங்கிரும், புளிப்பு வாடை வந்துரும், ஒருத்தன் ஒண்ணு சொல்லிரக் கூடாதுன்னுதான். ஆறவிட்டுக் கையால பிசைஞ்சேன். கொட்டை நசுங்கினா கசக்கும். நசுங்காமப் பிசைஞ்சேன். வெள்ளை வேட்டியில வடிகட்டினேன்."

"இனிப்புக்கு?"

"பனங்கற்கண்டு. அப்புறம் இஞ்சி, எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. புதுப்பானை வாங்கி ஈர மணல்ல வச்சேன். வேற ஒண்ணும் இல்ல தாயி. என் மக தலைமேல அடிச்சுச் சொல்றேன், வேற ஒண்ணும் இல்ல."

"நான் கேக்கலையேண்ணே."

"நீங்க கேக்கல. அவங்க கேட்டாங்க."

முதல் டம்ளரை மாப்பிள்ளையின் பெரியப்பாவிடம் கொடுத்திருக்கிறார். பெரியப்பா டம்ளரை மூக்குக்குக் கீழே பிடித்து நன்றாக மோந்து பார்த்தார். பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரித்தார். பிறகு டம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டார். அடுத்த ஆளும் மோந்து பார்த்தார். 'சம்பந்தி ஏதும் விசேஷமாக் கலந்திருக்காரோ' என்று ஒரு குரல் வந்தது. வரிசையே சிரித்தது.

"நான் பொறுத்துக்கிட்டேன் தாயி. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஊத்திக்கிட்டே போனேன். கடைசியா என் மக கையில ஒரு டம்ளர் குடுத்தேன். மாயக்கா வந்து அதை வாங்கினா."

மாயக்காள் அவர் மனைவி.

"வாங்கி, அத்தனை பேர் முன்னாலயும் மோந்து பாத்தா. என் பொண்டாட்டி. ஊரான் செய்யலாம், சம்பந்தக்காரன் செய்யலாம். இவ செய்யலாமா?"

குரு, "அந்தப் பெரியப்பா செஞ்சது கேவலம். ஒருத்தர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துக்கிட்டு அப்படிச் சிரிக்கக் கூடாது" என்றார்.

குரல் கடுமையாகவே இருந்தது. ஒச்சப்பனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அப்போதுதான் உட்கார்ந்தார்.

குரு ஒரு டம்ளரை எடுத்து வந்து வாளியிலிருந்து ஊற்றினார். உதட்டுக்குக் கொண்டுபோகும் முன் மூக்குக்கு நேராகப் பிடித்து மோந்து பார்த்தார்.

ஒச்சப்பன் எழுந்துவிட்டார்.

"தாயி, நீங்களுமா?"

குரு குடித்து முடித்தார். "பன்னீர் திராட்சைக்கு வாசந்தான் முக்கியம். அதை மோந்து பாக்காம எப்படிக் குடிக்கிறது? இஞ்சி ஒரு துண்டு கூடிப்போச்சு. மத்தபடி நல்லா இருக்கு."

இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொண்டார். அதையும் மோந்துதான் குடித்தார்.

"என்னைச் சமாதானப்படுத்துறீங்க."

"இல்ல. தாகமா இருக்கு."

ஒச்சப்பன் தூணில் சாய்ந்து நின்றார். "வர்ற வழியில பிராந்திக் கடை இருக்கு தாயி. வாசல்ல நின்னேன். எப்படியும் குடிகாரன்னுதான் சொல்லப் போறாங்க, குடிச்சுட்டே கேட்டுக்குவோமேன்னு தோணுச்சு."

"ஏன் போகல?"

"கையில இந்த வாளி இருந்துச்சு. இதைத் தூக்கிக்கிட்டு அங்க எப்படிப் போறது?"

குரு தலையாட்டினார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

"கிளம்புறப்ப எங்க போறேன்னு அக்காகிட்டச் சொல்லிட்டு வந்தீங்களா?"

"சொல்லல. வாளியைத் தூக்கினேன், வந்துட்டேன்."

"பெரியப்பா பாத்தாரா?"

"எல்லாரும் பாத்தாங்க."

"இந்நேரம் நீங்க எங்க இருப்பீங்கன்னு அவங்க பேசிக்கிட்டிருப்பாங்க?"

ஒச்சப்பன் கீழே கிடந்த மூடியை எடுத்து வாளியை மூடினார்.

"அந்தப் பேச்சுக்கு நடுவுல அக்காதானே நிக்கிறாங்க?" என்றார் குரு.

ஒச்சப்பன் வாளியை எடுத்தார். குரு மடத்துக் கதவைச் சாத்திவிட்டுக் கூடவே நடந்தார். வழியெல்லாம் ஒச்சப்பனுக்கு ஆறவில்லை. இத்தனை மாதம் நாக்கைக் கட்டி வைத்ததற்கு இதுதானா மரியாதை என்றார். நான் செத்தால் பாடையிலும் மோந்துதான் பார்ப்பார்கள் என்றார். கடை வந்தது. அதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே தாண்டினார்.

வீட்டு வாசலில் மாயக்காள் நின்றிருந்தாள். நெடுநேரமாக நின்றவள் போல முகமெல்லாம் வேர்த்திருந்தது. பின்னால் கூடத்தில் வளையல் சத்தமும் பெண்கள் பேச்சும் கேட்டன. மாப்பிள்ளையின் பெரியப்பா நாற்காலியில் இருந்தபடி எட்டிப் பார்த்தார்.

மாயக்காள் படியிறங்கி நேரே கணவனிடம் வந்தாள். அவர் முகத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் மூச்சை இழுத்தாள். ஒச்சப்பன் அசையவில்லை. அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

மாயக்காள் அவர் கையிலிருந்து வாளியை வாங்கினாள். அப்போதுதான் பக்கத்தில் நின்ற குருவைக் கவனித்துத் தலையசைத்தாள். வாளியோடு உள்ளே போனாள். கூடத்தில் நின்றபடியே ஒரு டம்ளர் ஊற்றி, பெரியப்பாவுக்கு எதிரில் மடமடவென்று குடித்தாள். அடுத்த டம்ளரை மகளிடம் கொடுத்தாள்.

ஒச்சப்பன் அதைப் பார்க்கவில்லை. அவர் குருவின் பக்கம் திரும்பியிருந்தார்.

"பாத்தீங்கள்ல தாயி. உங்க கண்ணு முன்னாலயே மோந்து பாத்தா."

"பாத்தேன்."

"இதுக்கு என்ன சொல்றீங்க?"

"முந்தியெல்லாம் இப்படி மோந்து பாத்தபிறகு என்ன செய்வாங்கண்ணே?"

ஒச்சப்பன் யோசித்தார். குரல் இறங்கிப் போயிருந்தது.

"பிள்ளையைத் தூக்கிக்கிட்டு உள்ள போவா. தாழ்ப்பாள் போட்டுக்குவா. விடியிற வரைக்கும் திறக்க மாட்டா."

உள்ளேயிருந்து மாயக்காளின் சத்தம் வந்தது. "வாசல்லயே நின்னா எப்படி? இலை போட்டாச்சு. அவங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க."

ஒச்சப்பன் நின்ற இடத்திலேயே நின்றார்.

குரு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"எனக்குப் பசிக்குதுண்ணே. நீங்க முன்னால போங்க."