உப்பு ஒட்டின செருப்பு

ஒரு ஊர்ல ஒரு கடைசித் தெரு, அந்தத் தெருவுல ஒரு கடைசி வீடு. அதுல தையல்நாயகின்னு ஒருத்தி இருந்தா. தனியாத்தான் இருந்தா. ம் கொட்டுடி கண்ணு, இல்லன்னா நிறுத்திடுவேன். ம்... ஆங், அப்படி.

அவ புருஷன் உப்பளத்துக் காவக்காரர். தினம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழட்டி, ஒட்டின உப்பு உதிரட்டும்னு வாசச் செவுத்துல பட் பட்னு ரெண்டு அடி அடிப்பாரு. அப்புறம்தான் கதவைத் தட்டுவாரு. இவ யாருன்னு கேப்பா. "நாந்தான்"னு ஒரே வார்த்தை. உடனே கதவு திறந்துடும். அப்புறம் அவர் செத்துப்போயிட்டாரு. ஒரு வருஷமா அந்த வாசல்ல யாருமே "நாந்தான்"னு சொல்லல. பேச ஆளில்லாம குக்கர் விசில்கிட்டகூடப் பேசுவா, பாவம்.

அப்போ ஒரு நாள் மத்தியானம் டொக் டொக். கேஸ் அடுப்பு செக் பண்ண வந்திருக்கேன், திறங்கன்னு ஒருத்தன். அடையாள அட்டையை ஜன்னல்ல காட்டுன்னா. ஆபீஸ்ல இருக்குன்னான். அப்ப போயி எடுத்துட்டு வான்னுட்டா. சரக் சரக்னு போயிட்டான். கெட்டிக்காரிதான். ஆனா இன்னும் ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிருக்கலாமேன்னு அவளுக்கு இருந்துச்சு.

அப்புறம் மறுநாள் டொக் டொக். ஒரு பொம்பளை, வெயில்ல வந்தேன், குடிக்கத் தண்ணி வேணும்னா. தையல்நாயகி கதவைத் திறக்கல, ஜன்னல் கம்பி வழியா டம்ளரை நீட்டினா. ஆனா வாயைத் திறந்துட்டா. வீட்ல வேற யாரும் இல்லையான்னு வந்தவ கேட்டதும், தையல்நாயகி அவர் செத்தது, தான் ஒண்டியாக் கிடக்கிறது, "நாந்தான்"னு இனிமே யாரு வரப்போறான்னு எல்லாத்தையும் கொட்டிட்டா. அந்தப் பொம்பளை உச்சுக் கொட்டிக் கேட்டுக்கிட்டா. முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட இதெல்லாம் சொல்லலாமா? சொல்லவே கூடாது. ஆனா அவளைத் திட்டவும் எனக்கு மனசு வரல.

அப்புறம் மூணாம் நாள். டொக் டொக். யாருன்னா.

"நாந்தான்."

அவ எழுந்து கதவுகிட்ட ஓடினா. செத்தவர் எப்படி வருவாருன்னு கேக்குறியா? அவளுக்குத் தெரியும்டி. காதுக்குத் தெரியலையே. கை தானாப் போயி தாழ்ப்பாளைப் பாதி இழுத்துடுச்சு, கிரீச்...

அப்போ என்னமோ குறையுதேன்னு நின்னா. பட் பட் கேக்கலையே! குனிஞ்சு கதவுக்கு அடியில பாத்தா, ரெண்டு ஷூ காலு. பக்கத்துலயே தண்ணி கேட்டவளோட சேலை ஓரம். திருட வந்தவன், எடுத்துக்கிட்டு ஓடணும்ல, அதான் ஷூவைக் கழட்டல.

சத்தமில்லாம தாழ்ப்பாளைத் திரும்பப் போட்டா. கட்டிலுக்கு அடியில இருந்த அவரோட செருப்பை எடுத்து, உள்பக்கச் செவுத்துல பட் பட்னு அடிச்சா.

"ஏங்க, உங்களைத் தேடி யாரோ வந்திருக்காங்க. என்னன்னு கேளுங்க"ன்னா.

செத்தவர் உள்ள இருக்காருடோய்னு ரெண்டு பேரும் தடதடதடன்னு ஓட்டம்!

நீ சிரிக்கிற. அவ சிரிக்கல. செருப்புல இருந்து நாலு உப்புக் கல்லு உதிர்ந்து தரையில கிடந்துச்சு. அவர் கடைசியா மிதிச்ச உப்பு. அதைப் பொறுக்கி உள்ளங்கையில வெச்சுக்கிட்டு, அங்கேயே உக்காந்து அழுதா.

அப்புறம் அந்தச் செருப்பை வாசல்லயே வெச்சுட்டா. புதுசா வர்றவங்க அதைப் பாத்துட்டு, ஐயா உள்ள இருக்காராம்மான்னு கேப்பாங்க.

"இருக்காரு"ன்னு ஜன்னல்ல நின்னு சொல்லுவா.

சொல்லிட்டு, திரும்பி வீட்டுக்குள்ள ஒரு தரம் பாத்துக்குவா.

என்னடி, ம் காணோம்? சரி, கதை உப்பாக் கரைஞ்சாச்சு, நீயும் கண்ணை மூடு. நான் தாழ்ப்பாளைப் பாத்துட்டு வந்துடுறேன்.