ஆள்காட்டி வயிறு நனைத்த கதை

அந்தக் காலத்தில் பறவைகளும் நம்மைப் போலவே பேசின. பேசி என்ன பிரயோஜனம்? ஆள்காட்டிக் குருவியின் பெண்டாட்டி தொண்டை வறளப் பேசினாள். புருஷன் காதில் ஏறவே இல்லை.

"கூடு கட்ட மரத்தடியில ஒரு புதரா பாருங்க" என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

"புதர்னா பாம்பு வரும். கட்டாந்தரைதான் காத்தோட்டம்" என்றான் அவன். ஏரிக்கரைப் பொட்டலில் நாலு கூழாங்கல்லை நகர்த்திவிட்டு, வீடு கட்டியாயிற்று என்றான். அவளும் அதை நம்பி முட்டையிட்டுத் தொலைத்தாள்.

சித்திரை பிறந்தது. அப்பப்பா, என்ன வெயில்! கல்லெல்லாம் கொதித்தது. நிழலுக்கு ஒரு புல்கூட இல்லை. முட்டைகள் வெந்துவிடுமே என்று அவள் சிறகை விரித்து மறைத்து நின்றாள். நகர்ந்தால் முட்டை போய்விடும். நகராவிட்டால் அவளே சுருண்டு விழுந்துவிடுவாள்.

புருஷனோ ஏரிக்கும் பொட்டலுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

"ஒரே புழுக்கமா இருக்கு. ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துடறேன்."

"இப்பத்தானேங்க போட்டீங்க?"

"அது காலையில போட்டது" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான்.

உச்சி வேளையில் தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தான். அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு முட்டையைத் தொட்டுப் பார்த்தாள், சுட்டது.

"ஏன் இப்படி வாடிப்போயிருக்கே? நீயும் ஒரு முழுக்குப் போடக் கூடாதா?" என்று கேட்டான் பாருங்கள்!

அவ்வளவுதான். அவன் பிடரியை அலகால் கவ்வி, முட்டைகள்மேல் தள்ளினாள்.

"உட்காருங்க! அசைஞ்சா கொன்னுடுவேன்!"

அவன் அப்படியே உட்கார்ந்தான். வயிற்று ஈரம் முட்டைகளில் வழிந்தது. அவள் ஏரிக்கு ஓடி, தாகம் தீரக் குடித்து, தானும் நனைந்து திரும்பினாள். பயந்துகொண்டே முட்டையைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. உள்ளே ஏதோ அசைந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவனோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பாத்தியா? இதுக்குத்தான் நான் குளிக்கவே போனேன்" என்றான்.

அன்று முதல்தான் ஆள்காட்டிகள் கோடையில் மாறி மாறி வயிற்றை நனைத்து வந்து முட்டைமேல் உட்காருகின்றன. அந்தப் பேச்சைக் கேட்டு அவள் போட்ட கத்தல்தான் பொட்டலில் இன்னும் ஓயவில்லை.