இருபத்து மூன்றாம் நம்பர் வீடு

"ஊருக்குத் திரும்ப ஒரு நல்ல நாள் பார்த்துச் சொல்லுங்க, சாமி."

ராணுவக் குடியிருப்புக் கோயிலின் வாசலில் நின்று கேட்டாள் தங்கபுஷ்பம். ஹவில்தார் சுடலைமுத்துவின் மனைவி. பதினோரு வருடத்தில் ஏழு ஊர் பார்த்தவள். இப்போது பஞ்சாப். அடுத்து அஸ்ஸாம் என்று ஆர்டர் வந்து இரண்டு நாள் ஆகிறது.

ராணுவத்தில் கோயிலைப் பார்த்துக்கொள்வதும் ஓர் உத்தியோகம்தான். அந்த உத்தியோகத்தில் இருந்தவர் ஜெகந்நாதன். சிப்பாய்களுக்கு அவர்தான் குரு. வயதில் அவளைவிடச் சின்னவர்.

"லீவுக்கா, அக்கா?"

"இல்ல. ஒரேயடியா. தென்காசியில எங்கம்மா கூட இருந்துக்கிடுதேன். அவுக மட்டும் அஸ்ஸாம் போகட்டும்."

"சுடலைமுத்து என்ன சொல்றார்?"

"ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல."

குரு பஞ்சாங்கத்தை எடுத்தார். அதற்குள் அவளே கொட்டிவிட்டாள்.

"நேத்து சந்தைக்குப் போயிட்டு வந்து, இருபத்து மூணாம் நம்பர் வீட்டுக் கதவுல சாவியப் போட்டுத் திருகிட்டு நிக்கேன். அது போன ஊர்ல எங்க வீட்டு நம்பர். இங்க நாங்க பதினாலு. உள்ள ஒரு பொண்ணு அலறுது. காய்கறிப் பையப் போட்டுட்டு ஓடியாந்துட்டேன். எனக்குப் புத்தியே பேதலிச்சுப் போச்சு, சாமி."

குரு பஞ்சாங்கத்தை மூடினார்.

"முதல்ல பையை வாங்கிட்டு வாங்க. நாள் அப்புறம் பார்க்கலாம்."

இதென்ன பதில் என்று அவளுக்கு எரிச்சல். ஆனாலும் போனாள்.

இருபத்து மூன்றாம் நம்பர் கதவைத் திறந்தவள் சின்னப் பெண். கண் வீங்கியிருந்தது.

"திருடன்னு நினைச்சுட்டேன்," என்றாள். எதிரில் நிற்பவளும் தமிழ் பேசியதும் அழுதேவிட்டாள். மன்னார்குடிக்காரி. வந்து ஒன்பது நாள். கேஸ் தீர்ந்திருந்தது. தயிர் உறையவில்லை. இந்தி ஒரு வார்த்தை வராது.

தங்கபுஷ்பம் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"இந்தக் குளிருக்கு வெளிய வச்சா எப்படி உறையும்? கோதுமை மாவு டின்னுக்குள்ள புதைச்சு வை."

கேஸ்காரனைக் கூப்பிட்டு இந்தியில் ஒரு அதட்டல் போட்டாள். சாயங்காலமே சிலிண்டர் வந்தது.

"இதெல்லாம் உங்களுக்கு யாரு சொல்லித் தந்தாங்க, அக்கா?"

"யாரு சொன்னா? ஊரு ஊரா உக்காந்து அழுதேன். அழுது முடிச்சா பசிக்கும்லா."

அந்தப் பெண் சிரித்தாள்.

"எங்க வீட்டுக்காரர் எல்லாம் மாயைங்கிறார். பால் எத்தனை மணிக்கு வரும்னு கேட்டா மட்டும் தெரியலைங்கிறார்."

சுவரில் கல்யாண போட்டோ. மாலையும் கழுத்துமாக நின்றவர் குரு ஜெகந்நாதன்.

மறுநாள் தங்கபுஷ்பம் கோயிலுக்கு வந்தாள்.

"அது உங்க வீடுன்னு ஏன் சாமி சொல்லல?"

"சொல்லியிருந்தா உபதேசம் பண்ணப் போயிருப்பீங்க. ஒன்பது நாளா நான் அதைத்தான் பண்ணிப் பார்த்தேன்."

அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. பஞ்சாங்கத்தைப் பிரித்தார்.

"தென்காசிக்கு வெள்ளிக்கிழமை நல்லா இருக்கு."

"வெள்ளிக்கிழமை எப்படி? அந்தப் பிள்ளையச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போறதாச் சொல்லியிருக்கேன்."

"அப்ப திங்கள்?"

வேண்டாம் என்று தங்கபுஷ்பம் கையை ஆட்டினாள். நெஞ்சில் இருந்த பாரம் எப்போது இறங்கியது என்று அவளுக்கே தெரியவில்லை.

"அஸ்ஸாமுக்கு நாள் பாருங்க, சாமி."

"அதுக்கு நான் எங்கே பார்க்கிறது? ஆர்டர்லயே தேதி போட்டிருக்கே. அன்னிக்கு அஷ்டமி வேற."

"இருந்துட்டுப் போகட்டும்," என்றாள்.