மாப்பிள்ளைக்குச் சன்னலோரம்

எடக்குளத்தில் யாரும் யாரையும் முட்டாள் என்று சொல்வதில்லை. அப்படிச் சொல்கிற அளவுக்கு விவரமானவர் ஒருவரும் அங்கே கிடையாது.

அந்த ஊர் அய்யாக்கண்ணு தலைத் தீபாவளிக்கு மோதிரம் போடாமல், மருமகன் குணசீலனைச் சுற்றுலாக் கப்பலில் கூட்டிப்போக ஒப்புக்கொண்டார். மைத்துனன் சடையனும் துணைக்குக் கிளம்பினான். தண்ணீரைக் கண்டாலே தலைசுற்றும் மகள் செண்பகம் வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

"அப்பா, அவருக்குச் சன்னலோரமா இடம் புடிச்சுக் குடுங்க. இல்லேன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாரு. அடுத்த தீபாவளி வரைக்கும் நான்தான் அதைப் பார்த்துக்கிட்டு இருக்கணும்."

துறைமுகத்தில் அய்யாக்கண்ணு கப்பலை அண்ணாந்து பார்த்தார். சன்னல்கள் இருந்தன. ஆனால் தென்னைமர உயரத்தில் இருந்தன.

"கூட்டம் ஏறுறதுக்குள்ள துண்டைப் போட்ருவோம் மச்சான்" என்றான் சடையன். பஸ்ஸில் அவர்கள் இடம் பிடிப்பது அப்படித்தான்.

அய்யாக்கண்ணு துண்டை வீசினார். அது காற்றில் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கடலில் விழுந்தது. சடையன் துண்டும் போனது.

"கனம் போதலை. கல்லு வச்சுக் கட்டணும்" என்றான் சடையன்.

மிச்சமிருந்தது மாப்பிள்ளையின் கல்யாணச் சரிகைத் துண்டுதான். கல்லோடு அது கப்பலின் வயிற்றில் மோதி, நேரே தண்ணீருக்குள் இறங்கியது.

"என் துண்டு?" என்றான் குணசீலன்.

"வரும்போது எடுத்துக்கலாம் மாப்ள. துண்டு கிடக்குற இடத்துல எவன் வந்து உட்காரப் போறான்?"

அறைக்குப் போனார்கள். கட்டிலுக்கு மேல் கட்டில். குளியலறையில் திரும்ப வேண்டுமானால் வெளியே வந்து திரும்பிக்கொண்டு உள்ளே போக வேண்டும். சன்னலைக் காணவில்லை. மாப்பிள்ளையின் முகம் மெல்ல மேலே ஏறத் தொடங்கியது.

அப்போதுதான் அய்யாக்கண்ணு சுவரைப் பார்த்தார். சட்டம் போட்ட கண்ணாடிக்குள் நீலக்கடல், நடுவில் ஒரு பாய்மரப் படகு.

"இந்தா இருக்கு சன்னல்" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு மாப்பிள்ளையை உட்கார வைத்தார். முகம் இறங்கியது. அய்யாக்கண்ணுவுக்கு உயிர் வந்தது.

வெகுநேரம் கழித்துக் குணசீலன் சொன்னான். "மாமா, அந்தப் படகு அங்கேயே நிக்குது."

"நின்னா நிக்கட்டுமே."

"நாம போனா அது பின்னால போகணுமில்ல? கப்பலை இன்னும் எடுக்கலை."

"டிரைவர் டீ குடிக்கப் போயிருப்பான்" என்றான் சடையன்.

"மக்கர் பண்ணுதோ என்னவோ. தள்ளணும்னா ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?" என்று அய்யாக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டினார்.

இருவரும் மேல்தளத்துக்கு ஏறினார்கள். கரையே தெரியவில்லை. கப்பல் நுரை தள்ளிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. இறங்கி அறையைப் பார்த்தார்கள். படகு அதே இடத்தில் நின்றது. மறுபடி ஏறினார்கள், ஓடியது. மறுபடி இறங்கினார்கள், நின்றது. படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"புரிஞ்சுபோச்சு மச்சான். மாடி மட்டும் கிளம்பிருச்சு. நம்ம ரூமைக் கோக்க மறந்துட்டானுங்க."

"ரயில்ல பெட்டியை விட்டுட்டுப் போற மாதிரியா?"

"அதேதான். மாப்பிள்ளையை மேல கூட்டிக்கிட்டு வந்துருவோமா?"

"மேல சன்னல் எங்கடா இருக்கு? வெறும் வெட்டவெளி. செண்பகத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?"

பயந்துகொண்டே மாப்பிள்ளையிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவன் முகம் மலர்ந்தது.

"அப்ப துறைமுகத்துலதான் இருக்கோம். என் துண்டும் பக்கத்துலயே கிடக்கும்."

அய்யாக்கண்ணு உடனே மணியை அழுத்தினார். பணியாளர் ஓடிவந்தார்.

"தம்பி, இந்தச் சன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்க. மாப்பிள்ளை துண்டை எடுத்துக்கட்டும்."

"சார், அது படம். கப்பல் புறப்பட்டு ரொம்ப நேரமாச்சு. நாம நடுக்கடல்ல இருக்கோம்."

அய்யாக்கண்ணு அவரை இரக்கத்தோடு பார்த்துவிட்டுச் சடையன் காதில் சொன்னார்.

"பாவம்டா. இவரையும் விட்டுட்டுப் போயிட்டானுங்க. இன்னும் இவருக்கே தெரியலை."

பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "மாப்ள, கொஞ்சம் ஒதுங்கி உட்காருங்க. தம்பி இந்தப் பக்கம் உட்காரட்டும். சன்னலோரம் உங்களுக்குத்தான்."